டிராஃபிக்கில் மட்டும் ஏறும் டெம்பரேச்சர் முள்: ஹெட்டை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வியைச் சுருக்கமாக மேலே போட்டுவிடுகிறேன், இதே தொல்லை உள்ள மற்றவர்களுக்கும் புரியும். பத்து வயதான 1.2 லிட்டர் பெட்ரோல் கார். சென்னைக்குள் ஏசி போட்டுக்கொண்டு சிக்னலில் நின்றால் முள் முக்கால் வரை ஏறுகிறது, ஜிஎஸ்டி ரோட்டில் (சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலை) 80-இல் போனால் தானாக நடுவுக்கு இறங்கிவிடுகிறது. ரிசர்வ் டப்பாவில் மாதத்துக்கு அரை லிட்டர் போலக் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் வைத்திருக்கும் வால்வு) கழற்றி எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு சூடு கொஞ்சம் தாமதமாக ஏறுகிறது, ஆனால் மைலேஜ் விழுந்துவிட்டது, செக் இன்ஜின் விளக்கும் எரிகிறது. இப்போது "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, ஹெட்டை இறக்கணும்" என்கிறார், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு கெட்டுவிட்டதாம். இறக்கலாமா? அதுவரை நடுவழியில் சூடு ஏறினால் என்ன செய்வது?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் ஹெட் கேஸ்கெட்டைக் காட்டும் ஒரே விஷயம் அந்த அரை லிட்டர் குறைவதுதான், அதற்கும் வேறு எளிய காரணங்கள் நிறைய இருக்கின்றன. மற்ற எல்லாமே காற்றோட்டக் குறைவைத்தான் சொல்கின்றன. கேஸ்கெட் கசிந்து சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் போகிற இன்ஜின், லோடு ஏற ஏற இன்னும் மோசமாகும். நெடுஞ்சாலையில் மிதித்து ஓட்டும்போது நல்லபிள்ளையாக இறங்கிவிடாது.

இன்ஜின் ஹீட் ஆனால் எந்தப் பாகத்தையும் கழற்றும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எப்போது ஏறுகிறது என்பதுதான். நின்றால் ஏறி, ஓடினால் இறங்குகிறதா? அப்படியென்றால் ஓடும்போது முன்பக்கக் கிரில் வழியாகத் தானாக வரும் காற்றுதான் வேலையைச் செய்கிறது, நிற்கும்போது அதே வேலையைச் செய்ய வேண்டிய ஃபேன் செய்யவில்லை. நேர்மாறாக, சிக்னலில் ஒன்றுமில்லை, நெடுஞ்சாலையில் 100-ஐத் தாண்டினாலோ கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாவது கியரிலேயே ஏறினாலோதான் சூடாகிறது என்றால், காற்று போதும், தண்ணீர் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டருக்குள் அடைப்பு, வாட்டர் பம்பின் இறக்கை அரித்துப்போனது, பெல்ட் வழுக்குவது, இல்லையென்றால் கீழ் ஓஸ் நைந்துபோய் அதிக ஆர்பிஎம்மில் பம்ப் உறிஞ்சும்போது உள்பக்கம் ஒட்டிக்கொள்வது, இவற்றில் ஒன்றாக இருக்கும். எங்கே ஓட்டினாலும் கிளப்பிய பத்து நிமிடத்துக்குள் ஏறிவிடுகிறது என்றால் தெர்மோஸ்டாட் மூடியபடியே நின்றுவிட்டது, அல்லது தண்ணீர் குறைவு, அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது, அல்லது உண்மையிலேயே கேஸ்கெட். முள் திடீரென்று மேலே குதித்துத் திடீரென்று கீழே விழுகிறது என்றால் காற்றுக் குமிழி, இல்லாவிட்டால் சென்சார் ஒயர் லூஸ்.

கூடவே ஒன்று. சூடாக இருந்த முள் காரணமில்லாமல் சட்டென்று குளிர் பக்கம் விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள். தண்ணீர் மொத்தமாகக் காலியாகி, சென்சார் தண்ணீரைத் தொடாமல் அந்தரத்தில் நின்றால் அது உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும். அந்த நேரத்தில் ஹீட்டரைத் திறந்து பாருங்கள், சூடில்லாத காற்று வந்தால் ஹீட்டருக்குள்ளும் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். முள் இறங்கிவிட்டது என்று நம்பி ஓட்டினால் இன்ஜின் சீஸ் ஆகிவிடும், அதாவது உள்ளே இறுகிச் சுற்றாமல் நின்றுவிடும்.

முள்ளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலான கார்களில் அது உண்மையான வெப்பமானி கிடையாது. ஏறத்தாழ 80 டிகிரியிலிருந்து 105 வரை எதுவாக இருந்தாலும் நடுவில் அசையாமல் நிற்கும்படி கம்பெனியே வைத்திருப்பார்கள், ஓட்டுகிறவர் பதறக் கூடாது என்பதற்காக. அதனால் முள் நடுவைத் தாண்டி நகர்ந்துவிட்டது என்றால் நிலைமை ஏற்கெனவே மோசம். இப்போது வரும் பல சின்ன கார்களில் முள்ளே இல்லை, குளிர்ச்சியாக இருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, நடுவில் எதுவுமில்லை. ஆகவே காரின் கணினியிலிருந்து தகவலைப் படிக்கும் ஒரு புளூடூத் ஓபிடி கருவி வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி, கைப்பேசியில் கூலன்ட் டெம்பரேச்சரை டிகிரியில் பாருங்கள். சாதாரண ஈஎல்எம்327 கருவியே போதும். இனி நான் சொல்லும் எல்லாச் சோதனைக்கும் அந்த எண் வேண்டும். அப்படியே எரிகிற விளக்குக்கான கோடையும் படித்துவிடுங்கள். பி0128 என்று வரும் என்று நினைக்கிறேன். "தெர்மோஸ்டாட் வைத்திருக்க வேண்டிய வெப்பநிலையை இன்ஜின் எட்டவே இல்லை" என்பதுதான் அதற்கு அர்த்தம். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் எங்கிருந்து எட்டும்?

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவது நம் ஊரில் அறுபது எழுபது வருடப் பழக்கமாக இருக்கலாம், "நம்ம வெயிலுக்கு அது எதுக்கு" என்று சொல்லிச் சொல்லியே பரவிவிட்டது. கார்புரேட்டர் காலத்தில் ஏதோ சமாளித்தது. இன்றைய இன்ஜினுக்கு அது நேரடியான கெடுதல். காரணத்தைச் சொல்கிறேன். குளிர்ந்த இன்ஜினுக்கு ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். 82 டிகிரியோ 88 டிகிரியோ எட்டியதும் குறைக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத கார் காலையில் நெடுஞ்சாலையில் போனால் 60, 65-லேயே நிற்கும், ஈசியூ இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழுந்தது அதனால்தான். எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கும், ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் சேறு கட்டும், பிளக்கில் கரி படியும்.

இதைவிட முக்கியமான இன்னொரு விஷயம், பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்குப் பின்பக்கம் இன்னொரு தட்டு இருக்கும். சூடானதும் முன்பக்கம் ரேடியேட்டர் பாதையைத் திறக்கும்போதே, இந்தத் தட்டு பைபாஸ் பாதையை அடைக்கும். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். அதாவது மலை ஏறும்போது, எப்போது முழுக் குளிர்ச்சி வேண்டுமோ அப்போது, அது இருந்ததைவிட அதிகமாகச் சூடாகும். உங்களுக்குச் சூடு தாமதமாக ஏறுவதற்குக் காரணம், 85-இல் தொடங்க வேண்டியது 65-இல் தொடங்குகிறது, அவ்வளவுதான். நோய் அப்படியே இருக்கிறது, வெளியே தெரியும் நேரம் மட்டும் தள்ளிப்போயிருக்கிறது.

எனவே முதல் வேலை, உங்கள் காருக்கு உரிய டிகிரியில் புதிய தெர்மோஸ்டாட். டிகிரி அதன் மேலேயே பொறித்திருக்கும். "82-க்குப் பதில் 76 போட்டுக்கலாம் சார்" என்று கடையில் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தெர்மோஸ்டாட் குறைந்தபட்ச வெப்பத்தை மட்டும்தான் தீர்மானிக்கும். முழுதாகத் திறந்த பிறகு எவ்வளவு ஏறும் என்பது ரேடியேட்டரும் ஃபேனும் சம்பந்தப்பட்டது. பூட்டும் முன் வீட்டிலேயே சோதித்துவிடலாம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடி தொடாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரையும் விட்டு மெதுவாகச் சூடாக்குங்கள். 82 என்று போட்டிருப்பது 80-லிருந்து 84-க்குள் லேசாக வாய் திறக்கும், 95 பக்கம் வரும்போது ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் திறந்திருக்க வேண்டும். பழையதையும் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் அதையும் கூடவே தொங்கவிடுங்கள், அது கெட்டதா நல்லதா என்று அப்போதாவது தெரியட்டும். இன்னொரு சின்ன விஷயம், தட்டின் ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டையும் அதில் ஆடுகிற ஊசியும் பல தெர்மோஸ்டாட்டுகளில் இருக்கும். காற்று வெளியேறுவதற்காக வைத்தது. செங்குத்தாக உட்காரும் தெர்மோஸ்டாட்டில் பூட்டும்போது அந்த ஊசி மேல்பக்கம் வர வேண்டும். கீழே வைத்துப் பூட்டினால் காற்று மாட்டிக்கொண்டு, நீங்கள் புதிதாக ஒரு ஹீட்டிங் தொல்லையை உண்டாக்கியிருப்பீர்கள்.

சரி, இப்போது ஃபேன். உங்கள் கதையில் நான் சந்தேகப்படும் முதல் ஆள் இதுதான்.

ஒரு கேள்விக்குப் பதில் யோசித்துப் பாருங்கள். சிக்னலில் நிற்கும்போது ஏசியின் குளிர்ச்சியும் குறைந்து, கிளம்பியதும் திரும்ப வருகிறதா? வருகிறது என்றால் வழக்கு முக்கால்வாசி முடிந்தது. ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னாலேயே நிற்கிறது, இரண்டுக்கும் காற்று இழுப்பது அந்த ஃபேன்தான். இரண்டும் ஒரே நேரத்தில் தவிக்கின்றன என்றால் தப்பு பொதுவான இடத்தில் இருக்கிறது.

சோதனை இப்படி. காலையில் குளிர்ந்த இன்ஜின், ஏசி ஆஃப், வண்டியை நியூட்ரலில் ஐடிலில் விட்டுவிட்டுக் கைப்பேசியில் எண்ணைப் பாருங்கள். 80-ஐத் தாண்டி மெதுவாக ஏறும். பெரும்பாலான கார்களில் 95-லிருந்து 100-க்குள் ஃபேன் சுற்ற ஆரம்பித்து, எண் நாலைந்து டிகிரி இறங்கியதும் நின்றுவிடும், பிறகு திரும்ப ஏறும், திரும்பச் சுற்றும். இப்படி ஏறி இறங்குவது ஆரோக்கியம். 105 வந்தும் ஃபேன் அசையவில்லை என்றால் இன்ஜினை அணைத்துவிடுங்கள், அதற்கு மேல் காத்திருந்து பார்க்க வேண்டியதில்லை.

சுற்றவில்லை என்றால் தப்பு எந்தப் பக்கம் என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது. கூலன்ட் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு இக்னிஷனைப் போடுங்கள். சென்சார் காணாமல் போனால் ஈசியூ பயந்துபோய் ஃபேனைத் தொடர்ந்து ஓடவிடும், நிறைய கார்களில் இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். செக் இன்ஜின் விளக்கு எரியும், பரவாயில்லை, பிறகு அழித்துக்கொள்ளலாம். இப்போது ஃபேன் சுற்றினால் மோட்டார், ரிலே, ஃபியூஸ், ஒயர் எல்லாம் நலம், சென்சார்தான் குறைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால் சென்சாரையும் அளந்துவிடலாம். சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும். வழக்கமான சென்சார் 20 டிகிரியில் இரண்டிலிருந்து மூன்று கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் காட்டும். அதே வெந்நீர்ப் பாத்திரத்தில் இதையும் பார்க்கலாம்.

கனெக்டரைக் கழற்றியும் சுற்றவில்லையா? ஃபியூஸ், அதற்குப் பிறகு ரிலே (ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்). ரிலே பாக்ஸில் அதே எண் போட்ட இன்னொரு ரிலே இருக்கும், பல கார்களில் ஹாரன் ரிலே ஒத்துப்போகும், மாற்றிச் செருகிப் பாருங்கள், காசு செலவில்லாத சோதனை. அப்புறம் மோட்டார். கனெக்டரைப் பிரித்து, ஃபியூஸ் வைத்த தடிமனான ஒயரில் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்தால் மோட்டார் பட்டென்று வேகம் பிடிக்க வேண்டும். முனகிக்கொண்டு சுற்றினாலோ, ஒரு தட்டுத் தட்டினால்தான் சுற்றினாலோ கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இதையெல்லாம் செய்யும்போது கை, சட்டை, துப்பட்டா எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது. சில கார்களில் இன்ஜினை அணைத்த பிறகும் அது தானாகச் சுற்றத் தொடங்கும்.

சுற்றுகிறது, ஆனாலும் ஏறுகிறது என்ற நிலைமைதான் எல்லாரையும் ஏமாற்றும். நிறைய கார்களில் ஃபேனுக்கு இரண்டு வேகம். மெதுவான வேகத்துக்கு மின்சாரம் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகும். அந்த ரெசிஸ்டர் ஃபேன் கவரின் ஓரத்தில், மழைத் தண்ணீரும் சேறும் அடிக்கிற இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், துருப்பிடித்து ஒருநாள் அறுந்துவிடும். அப்போது மெதுவான வேகம் செத்துப்போகும், வேகமான சுற்று மட்டும் மிச்சமிருக்கும். இன்ஜின் ஃபேனில்லாமலேயே 95-ஐத் தாண்டி, 100-ஐயும் தாண்டி, வேகச் சுற்றுக்கான டிகிரி வரும்வரை ஏறும், பிறகு ஃபேன் விமானம் மாதிரி இரைந்துகொண்டு ஓடும், முள் இறங்கும். மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்க்கும்போது ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், "ஃபேன் ஓகே" என்று சொல்லிவிடுவார். முக்கால் வரை ஏறி அங்கேயே நின்று மேலே போகாமல் இருப்பது எனக்கு இதைத்தான் நினைவூட்டுகிறது. எனவே ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், எந்த டிகிரியில் ஆரம்பிக்கிறது, ஏசி போட்டவுடன் மெதுவான வேகத்தில் ஓடுகிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபேன் மோட்டார் ஏற்கெனவே ஒருமுறை மாற்றியது என்றால் ஒரு தாளை எடுத்து, ஃபேன் ஓடும்போது முன்கிரில் பக்கம் கண்டென்சர் மேல் வையுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. தள்ளிவிட்டால் ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஃபேன் பின்பக்கமிருந்து முன்பக்கம் ஊதுகிறது. வெளி மார்க்கெட் மோட்டாரில் கனெக்டரை வெட்டி ஒயரை முறுக்கிச் சேர்க்கும்போது இது நடக்கும். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கவர் உடைந்தோ கழற்றியோ இருந்தாலும் இழுவை பாதியாகிவிடும், ரேடியேட்டரின் முழுப் பரப்பிலும் காற்று இழுப்பதற்காக வைத்த கவர் அது.

அடுத்து, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் சந்து. முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத் தெரியும். பத்து வருட வண்டியில் அந்த இரண்டுக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள், தூசி, பூச்சி, காய்ந்த இலை, வேப்பம்பூ எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரிப் படிந்திருக்கும். மரத்தடியில் நிறுத்துகிற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். ரேடியேட்டரின் மேல் போல்ட்டுகளைக் கழற்றிப் பின்னால் சாய்த்து, இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீர் வேகத்தில் கழுவ வேண்டும். வாட்டர் வாஷ் பிரஷரைக் கிட்டே பிடித்தால் தகட்டுச் சிறகுகள் மடிந்து, இருந்த வழியும் அடைபடும். ஃபேன் சரியாகச் சுற்றும் வண்டிகளில் இந்த ஒரு வேலை மட்டும் செய்தே டிராஃபிக் சூடு தீர்ந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த அரை லிட்டர். முதலில் மாற்ற வேண்டியது ரேடியேட்டர் மூடி, சில நூறு ரூபாய்தான். அது வெறும் மூடி இல்லை, குக்கரின் வெயிட் செய்கிற வேலையைச் செய்வது. கடல் மட்டத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 1.1 பார் மூடி போட்டு அடைத்தால் அதே தண்ணீர் 120-ஐத் தாண்டித்தான் கொதிக்கும், பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் ஏறத்தாழ 129 வரை தாங்கும். மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் நிற்கவில்லை என்றால் 100 சொச்சத்திலேயே கொதித்து, ரிசர்வ் டப்பா வழியாகப் பொங்கி, ஓடும்போதே வெளியே தெறித்து ஆவியாகிவிடும், தரையில் ஒரு சொட்டும் இருக்காது. ஊட்டிக்கு ஏறினால் இன்னும் மோசம். 2,240 மீட்டர் உயரத்தில் திறந்த தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதாவது இன்ஜினின் வழக்கமான வெப்பத்திலேயே. கீழே ஒழுங்காக ஓடிய வண்டி குன்னூர் தாண்டிப் பொங்குவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அந்த மூடியில் இன்னொரு சின்ன வால்வும் நடுவில் இருக்கும். இன்ஜின் ஆறும்போது டப்பாவுக்குப் போன கூலன்டைத் திரும்ப உறிஞ்சவிடுவது அதன் வேலை. அது ஒட்டிக்கொண்டால் மறுநாள் காலையில் மேல் ஓஸ் சப்பிப்போய் ஒட்டியிருக்கும். டப்பா நிறைந்திருக்கும், ரேடியேட்டரில் குறைந்திருக்கும். ஆகவே டப்பாவை மட்டும் பார்த்து நிறைந்திருக்கிறது என்று இருக்காதீர்கள், வாரம் ஒருமுறை குளிர்ந்த இன்ஜினில் மூடியையே திறந்து பாருங்கள். குளிர்ந்த இன்ஜினில். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் 110 டிகிரித் தண்ணீர் அழுத்தம் விட்ட கணமே நீராவியாக முகத்தில் அடிக்கும். முகமும் கையும் வெந்துபோகிற விபத்து இது, அவசரம் என்று எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

புது மூடி போட்ட பிறகும் குறைந்தால் பிரஷர் டெஸ்ட். ரேடியேட்டர் வாயில் மாட்டிக் கையால் பம்ப் அடிக்கும் ஒரு கருவி, நல்ல ஒர்க்‌ஷாப்பில் இருக்கும். குளிர்ந்த இன்ஜினில் மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றிப் பதினைந்து நிமிடம் விட்டால் முள் இறங்கக் கூடாது. இறங்கினால் கசிவைத் தேட வேண்டும். பிளாஸ்டிக் டேங்கும் அலுமினிய மையமும் சேரும் விளிம்பு, ஓஸ் கிளிப் ஓரங்கள், வாட்டர் பம்புக்குக் கீழே இருக்கும் சின்னக் கசிவு ஓட்டை. காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ கூலன்டின் நிறத்திலோ உப்புப் பூத்த மாதிரி ஒரு தடம் இருக்கும், ஈரத்தைவிட அந்தத் தடம்தான் நல்ல சாட்சி. முன் சீட்டுக்குக் கீழே மேட்டைத் தூக்கி முகர்ந்தும் பாருங்கள், இனிப்பான வாடையும் பிசுபிசுப்பும் இருந்தால் டேஷ்போர்டுக்குள் ஹீட்டர் கசிகிறது. அப்படி ஒரு பாகம் இருப்பதே நம் வெயில் ஊரில் பலருக்கு ஞாபகம் இருக்காது.

இதெல்லாம் பார்த்து, வெளியே எங்கும் கசிவில்லை, ஆனாலும் அழுத்தம் இறங்குகிறது என்றால் அப்போது கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். அதற்கும் சோதனை உண்டு, ஹெட்டைத் திறந்துதான் பார்க்க வேண்டும் என்பதில்லை. காலையில் கிளப்பிய ஓரிரு நிமிடத்திலேயே, தண்ணீர் சூடாகும் முன்பே, மேல் ஓஸ் கல் மாதிரி இறுகுகிறதா? ராத்திரி முழுக்க ஆறிய பிறகும் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று அழுத்தம் விடுகிறதா? பிளக்குகளைக் கழற்றினால் ஒன்று மட்டும் நீராவியில் கழுவின மாதிரிப் பளிச்சென்று இருக்கிறதா? கடைசியாக, உறுதியாகச் சொல்லக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, நீலநிறத் திரவம் வழியாக உள்ளிருக்கும் வாயுவை இழுத்துப் பார்ப்பது. எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரிப் படிந்திருப்பதை மட்டும் காட்டி "பாருங்க சார், தண்ணி கலந்துடுச்சு" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் குளிர்ச்சியாகவே ஓடும் வண்டியில், குறைந்த தூரமே ஓடினால், வெறும் ஈரமே மூடியில் அப்படிப் படியும். டிப்ஸ்டிக்கில் ஆயில் முழுவதும் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால்தான் அது வேறு கதை.

எல்லாம் பூட்டியபின் ஊற்றும் தண்ணீரைப் பற்றிக் கறாராகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இங்கேதான் நம் ஊர் வண்டிகளின் ரேடியேட்டர்கள் மெல்ல மெல்லச் சாகின்றன. போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வீட்டு வெந்நீர்க் கெட்டிலில் படிகிற அதே வெள்ளை உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் சிலிண்டரைச் சுற்றியும் படியும், வெப்பத்தை வெளியே விடாது. கூலன்டே இல்லாமல் வெறும் தண்ணீரில் ஓடினால் துருவும் சேரும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரைக் கேனாக வாங்கிக்கொள்ளுங்கள். கூலன்ட் கான்சென்ட்ரேட் என்றால் பாதிக்குப் பாதி கலக்க வேண்டும், ரெடி டு யூஸ் என்று எழுதியிருந்தால் அப்படியே ஊற்ற வேண்டும், அதில் மறுபடி தண்ணீர் கலக்கக் கூடாது. அதிகம் ஊற்றினால் அதிகக் குளிர்ச்சி என்று கான்சென்ட்ரேட்டைத் தண்ணீரில்லாமல் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், அது தண்ணீரைவிட மோசமாகத்தான் வெப்பத்தைக் கடத்தும். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பத்துக்குச் சாயம் போடுகிறது. வண்டியின் மேனுவலில் எந்த வகை என்று எழுதியிருக்கிறதோ அது. பழையதை முழுக்க இறக்கிவிட்டு, டிஸ்டில்ட் வாட்டரிலேயே அலசிவிட்டு, பிறகு புதியது. இறக்கிய கூலன்டைத் தெருவில் ஊற்றாதீர்கள். அது எத்திலீன் கிளைகால், இனிக்கும், விஷம். நாயோ பூனையோ நக்கினால் சிறுநீரகம் போய்விடும், குழந்தை கைக்கு எட்டும் இடத்திலும் கேனை வைக்கக் கூடாது.

ஓட்டைக்கு மஞ்சள் தூள் போடுவது, லீக் அடைக்கும் பவுடர் ஊற்றுவது இரண்டும் நடுவழியில் வேறு வழியே இல்லாதபோது ஊர் போய்ச் சேர மட்டும். ஓட்டையை அடைக்கிறது ரேடியேட்டரின் சின்னக் குழாயையும் ஹீட்டரையும் அடைக்கும்.

ஊற்றும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, முடிந்தால் முன்பக்கம் உயர்ந்த சரிவில் நிறுத்தி, காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்குரூ இருந்தால் அதைத் திறந்து, மெதுவாக ஊற்றுங்கள். மேல் ஓஸை அமுக்கி அமுக்கி விட்டால் குமிழி கிளம்பும். மேனுவலில் கூலன்ட் கொள்ளளவு இருக்கும். அதில் ஒரு லிட்டர் குறைவாகத்தான் உள்ளே போனது என்றால், உள்ளே ஒரு லிட்டர் காற்று இருக்கிறது. இன்ஜின் ஐடிலில் ஓடி ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை எண்ணைப் பாருங்கள், ஹீட்டரில் நல்ல சூடான காற்று வர வேண்டும். மறுநாள் காலை குளிர்ந்த பிறகு மூடியைத் திறந்து நிரப்புங்கள், ஏறத்தாழ எப்போதும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

இதெல்லாம் முடியும் வரை நடுவழியில் ஏறினால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், புளோயரை முழு வேகத்தில் போடுங்கள். மே மாதத்தில் சென்னையில் இது கொடுமைதான், ஆனால் அந்த ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர், உண்மையிலேயே சூட்டை இழுக்கும். அப்படியும் ஏறினாலோ, ஆவி தெரிந்தாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள், "இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே" என்று போகாதீர்கள். குறைந்தது முக்கால் மணி நேரம் ஆறட்டும். ஆறும் முன் இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் அலுமினிய ஹெட் விரிசல் விடும்.

சோதனையெல்லாம் முடிந்து கேஸ்கெட்தான் என்று உறுதியாகிவிட்டால் அப்போது ஹெட்டை இறக்குங்கள், ஆனால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிப் பூட்டவிடாதீர்கள். ஹெட்டின் அடிப்பரப்பில் ஸ்ட்ரெயிட் எட்ஜ் (நேர்ச்சட்டம்) வைத்து, நடுவே விழும் இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகள்) அளக்கச் சொல்லுங்கள். பல சின்ன பெட்ரோல் இன்ஜின்களில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருந்தால் ஃபேசிங் போட வேண்டும், அதாவது பரப்பைச் சீவிச் சமமாக்க வேண்டும். ஃபேசிங் போடும் இடத்திலேயே விரிசலுக்குப் பிரஷர் டெஸ்டும் செய்துவிடலாம். ஹெட் போல்ட் மறுபடி பயன்படுத்தக் கூடாத வகையா என்று மேனுவலில் பாருங்கள், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை அளவுக்கு இறுக்குகிற இடத்தில் இந்த வேலையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

ஆனால் அதற்கு முன், இந்த வாரம் மூடியும் தெர்மோஸ்டாட்டும் மாற்றிவிட்டு மூன்று விஷயங்களைப் பார்த்து எழுதுங்கள். ஏசி இல்லாமல் ஐடிலில் ஃபேன் எந்த டிகிரியில் ஆரம்பித்து எந்த டிகிரியில் நிற்கிறது. ஏசி போட்டவுடன் மெதுவான வேகம் வருகிறதா. ராத்திரி ஆறிய பிறகு காலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் இருக்கிறதா. அந்தப் பதில்களை வைத்து அடுத்து எதைக் கழற்றுவது, கழற்றவே வேண்டுமா என்று பார்க்கலாம்.